கலவை ஊசியிலிருந்து நாலு வேளை ஊசிக்கு மாறும்போது: அளவு, நேரம், சோற்றுக் கணக்கு

கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். அப்பாவுக்கு 58 வயது, 74 கிலோ எடை, காசிமேட்டில் மீன் வியாபாரம். ராத்திரி 2.45க்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறவர். டைப் 2 சர்க்கரை. இதுவரை 30/70 கலவை இன்சுலின் காலை நாஷ்டாவுக்கு முன் 24 யூனிட், ராத்திரி ஏழு மணிக்கு 16 யூனிட். கூடவே மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. விடியற்காலை மூணு மணிக்கு ஏலக்கூடத்தில் வியர்த்துக் கொட்டுகிறது. மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் கை நடுங்குகிறது. நாலு மணிக்குப் பார்த்தால் 280. மூணு மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 சதவீதம். இப்போது டாக்டர் ஊசியை மாற்றி, காலையில் கிளார்ஜின் 16, மூணு வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஆஸ்பார்ட் 5-6-5 என்று எழுதியிருக்கிறார். "கார்ப் எண்ணிச் சாப்பிடுங்கள்" என்று ஒரு அச்சடித்த தாளும் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளில் ஓட்ஸும் பிரெட்டும்தான் இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது கேள்வி.

முதலில் பழைய ஊசி ஏன் இவருக்குச் சரிப்படவில்லை என்று பார்த்துவிட்டால் புதியது தானாகப் புரியும். 30/70 என்றால் நூறில் முப்பது பங்கு சீக்கிரம் வேலை செய்யும் ரெகுலர் இன்சுலின், எழுபது பங்கு மெதுவாக வேலை செய்யும் என்பிஹெச். இந்த என்பிஹெச் போட்டு நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறும், சிலருக்குப் பத்து மணி நேரம் வரை போகும். ராத்திரி ஏழு மணிக்குப் போட்ட 16 யூனிட்டில் சுமார் 11 யூனிட் என்பிஹெச். அது உச்சத்தில் இருக்கும் நேரம் பதினொன்றிலிருந்து விடியற்காலை மூணு, நாலு மணி வரை. மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் இவர் வெறும் வயிற்றோடு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். வியர்க்காமல் என்ன செய்யும்? காலை எட்டரைக்குப் போட்ட 24ல் கிட்டத்தட்ட 17 யூனிட் என்பிஹெச். அது பன்னிரண்டரைக்கு மேல் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் தட்டு முன்னால் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கம், நடுக்கம் வந்ததும் கையில் கிடைத்த ஸ்வீட், அதற்கு மேல் பசியில் இரண்டு மடங்கு சோறு, அப்புறம் 280. அவர் வாயைக் கட்டவில்லை என்று வீட்டில் திட்டியிருப்பீர்கள். அதில் பாதிக் குற்றம் ஊசியின் நேரத்துடையது.

புதிய முறையில் ஒரே ஊசி செய்த இரண்டு வேலையைப் பிரித்துவிடுகிறார்கள். கிளார்ஜின் அடித்தள இன்சுலின். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் விடும் சர்க்கரையைக் கவனிப்பது அதன் வேலை. பெரிய உச்சம் இல்லாமல் சுமார் 24 மணி நேரம் ஓடும். ஆஸ்பார்ட் சாப்பாட்டுக்கானது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆரம்பித்து, ஒன்றிலிருந்து மூணு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, மூணிலிருந்து ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். சாப்பாடு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சாப்பிடவில்லையா, அந்த வேளை ஆஸ்பார்ட் இல்லை. கிளார்ஜின் மட்டும் எந்த நாளும் நிற்கக் கூடாது.

டாக்டர் எழுதிய அளவு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, பயம் போகும். பழைய மொத்தம் 40. லோ சுகர் வருகிறவர் என்பதால் இருபது சதவீதம் குறைத்து 32. அதில் பாதி, 16, அடித்தளம். மீதிப் பாதி மூணு வேளைக்கு 5-6-5. வழக்கமாகப் பலரும் போடும் கணக்குதான் இது. இந்த எண்கள் ஆரம்பப் புள்ளி மட்டுமே. இரண்டு வாரத்தில் மாறும், மாற வேண்டும். வேறு யாராவது இதைப் படித்துவிட்டு அப்படியே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். எடை, சிறுநீரகம், வயது பார்த்து ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இன்னொன்றை டாக்டரிடம் இன்றைக்கே கேளுங்கள்: கிளிமிபிரைடை நிறுத்த வேண்டுமா? சாப்பாட்டு இன்சுலின் ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் அதை நிறுத்திவிடுவார்கள். அதுவும் கணையத்தைப் பிழிந்து இன்சுலின் வரவழைக்கிற மாத்திரை, இரண்டும் சேர்ந்தால் லோ சுகர்தான். மெட்ஃபார்மின் வழக்கமாகத் தொடரும். இந்தக் குழப்பம் வடசென்னையில் ஒரு குறிப்பிட்ட வழியில் வரும். அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஊசியை மாற்றியது வேறு டாக்டர். மாற்றம் அட்டையில் ஏறாத வரைக்கும் பழைய மாத்திரை மாதா மாதம் வந்துகொண்டே இருக்கும், அப்பாவும் வந்ததை விழுங்கிக்கொண்டே இருப்பார். மாத்திரை கொண்டு வருகிறவரிடம் புதிய சீட்டைக் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாற்றும் நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். முந்தின ராத்திரி கடைசிக் கலவை ஊசி. மறுநாள் காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்ததும் கிளார்ஜின், நாஷ்டாவுக்கு முன் ஆஸ்பார்ட். அன்றையிலிருந்து கலவை கிடையாது. கிளார்ஜின் உடம்பில் நிலைப்பதற்கு இரண்டு மூணு நாள் ஆகும் என்பதால் முதல் மூணு நாள் 200க்கு மேல் காட்டினால் பதறி அளவை ஏற்றக் கூடாது. காலை எட்டரை என்று நேரம் வைத்ததற்குக் காரணம் உண்டு: ஏலம் இருக்கிற நாளும் இல்லாத நாளும் அவர் கட்டாயம் வீட்டில் விழித்திருக்கும் நேரம் அது. ராத்திரி என்று வைத்தால் தூங்கிவிடுவார்.

பழைய குப்பியை என்ன செய்வது? ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். வீட்டில் நடக்கிற பெரிய விபத்து இங்கேதான். உங்கள் பழைய குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. புதிய மருந்து ஊசிப் பேனாவுக்குள் போடும் காட்ரிட்ஜில் வருகிறது, அது ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஒரு நாள் பேனா அடைத்துக்கொள்ளும், ஊசிமுனை தீர்ந்துபோகும், யாராவது சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக் காட்ரிட்ஜில் குத்தி 16 கோடு வரை இழுப்பார்கள். பதினாறு கோடு என்றால் 0.4 மில்லி. நூறு யூனிட் மருந்தில் 0.4 மில்லி என்றால் 40 யூனிட். இரண்டரை மடங்கு! தலைகீழாக, 40 யூனிட் குப்பியை, 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 24 கோடு எடுத்தால் உள்ளே போவது 9.6 யூனிட்தான், சுகர் ஏன் இறங்கவில்லை என்று புரியாமல் தவிப்பீர்கள். காட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுப்பதே வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அடுத்த ஆபத்து, இரண்டு பேனாவும் மாறிப்போவது. கிளார்ஜின், ஆஸ்பார்ட் இரண்டுமே தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். கலவை ஊசி பால் மாதிரிக் கலங்கலாக இருந்ததால் பழைய பழக்கத்தில் கண்ணால் அடையாளம் பிடிக்க முடியாது. கிளார்ஜின் பேனாவில் இரண்டு ரப்பர் பேண்ட் சுற்றுங்கள், இருட்டிலும் விரலுக்குத் தெரியும். கிளார்ஜின் அலமாரியில், ஆஸ்பார்ட் சாப்பாட்டு மேஜையில் என்று இடத்தையும் பிரித்துவிடுங்கள். தப்பித் தவறி 16 யூனிட் ஆஸ்பார்ட் போய்விட்டால் "பார்க்கலாம்" என்று உட்காராதீர்கள். உடனே சாப்பிட வைத்து, அரை மணிக்கொரு முறை சுகர் பார்த்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஊசி போடும் விதம் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு முறையும் 2 யூனிட் திருகி வெளியே விட்டு, முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். 4 மில்லிமீட்டர் முனை என்றால் நேராகக் குத்தலாம். அழுத்தி முடித்ததும் பத்து வரை எண்ணிவிட்டு உருவ வேண்டும், இல்லாவிட்டால் கடைசி இரண்டு யூனிட் தோல் மேல் வழிந்துவிடும். முனையைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் காற்று புகுந்து அளவு தப்பும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் நகர்த்தி. வருடக்கணக்காக ஒரே இடத்தில் போட்டவர் என்றால் சோப்புக் கையால் வயிற்றைத் தடவிப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி மெத்தென்று கட்டி இருந்தால் அங்கே போட வேண்டாம், அதற்குள் போன மருந்து எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டியிலிருந்து நல்ல தோலுக்கு மாறும் முதல் நாட்களில் அதே அளவு வேகமாக வேலை செய்து சுகரை இறக்கிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

இனி அளவை எப்படிச் சரிசெய்வது. முதலில் கிளார்ஜின், அது நிலைக்கு வந்த பிறகுதான் சாப்பாட்டு ஊசி. இந்த வரிசையை மாற்றினால் எதனால் எது ஏறியது என்றே தெரியாது.

உங்கள் அப்பாவுக்கு "காலை வெறும் வயிறு" என்பது ஆறு மணி கிடையாது, 2.45. ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டு மணி நேரம் ஆகியிருக்கும், ஆஸ்பார்ட் முழுக்க முடிந்திருக்கும், டீ குடித்திருக்க மாட்டார். முகம் கழுவியதும் ஒரு சொட்டு ரத்தம். அந்த எண் 80லிருந்து 130க்குள் இருந்தால் கிளார்ஜின் சரி. மூணு நாள் தொடர்ந்து 130க்கு மேல் என்றால் 2 யூனிட் ஏற்றி, இன்னும் மூணு நாள் பார்ப்பது பொதுவான வழக்கம். ஒரு தடவை 70க்குக் கீழே போனாலும், காரணம் தெரியாத பட்சத்தில், பத்திலிருந்து இருபது சதவீதம் குறைக்க வேண்டும். இப்படி நீங்களே ஏற்றி இறக்க அனுமதி உண்டா, எது வரை என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிலோவுக்கு அரை யூனிட், அதாவது இவருக்கு 37ஐ நெருங்கியும் இறங்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் ராத்திரிச் சோற்றில்.

ராத்திரி எட்டரைக்குப் படுக்கும் முன் பார்த்து 210 காட்டினால் கூடுதல் ஊசி போடத் தோன்றும். போடாதீர்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, போட்ட ஆஸ்பார்ட்டில் பாதிக்கு மேல் இன்னும் வேலையே செய்யவில்லை. அதன் மேல் இன்னொன்று ஏற்றினால் இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் இறக்கும்.

இப்போது கார்ப் கணக்கு. கார்ப் என்பது மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த மொத்தம். மீன், முட்டை, கறி, எண்ணெய், கீரை இவற்றில் எண்ண வேண்டிய அளவுக்கு இல்லை. வஞ்சிரம் வறுவலில் மேலே தடவிய மாவைக் கூட விட்டுவிடலாம். காசிமேட்டு வீட்டுக்கு இது பெரிய வசதி. எண்ண வேண்டியவை அரிசி, கோதுமை, ரவை, கேழ்வரகு, பருப்பு, கிழங்கு, பழம், பால், சர்க்கரை.

சோற்றைச் சேர்த்த அச்சுத் தாள் கிடைத்தாலும் அதில் "ஒரு கப் சோறு 45 கிராம்" என்றுதான் இருக்கும். யாருடைய கப்? வீட்டில் சோறு போடுவது குழிக்கரண்டியில், குவித்து. அதனால் தாளை ஓரமாக வைத்துவிட்டு, சமையலறைக்கான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். செலவு இது ஒன்றுதான், ஒரு வாரத்துக்கு மேல் தினமும் தேவைப்படாது.

முதல் நாள் சோறு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம், புழுங்கலில் 77 கிராம் கார்ப். நார்ச்சத்து அதில் ஏற்கெனவே கழிந்திருக்கிறது, மறுபடி கழிக்க வேண்டாம். 300 கிராம் அரிசியை எடை போட்டு உலையில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே இருப்பது சுமார் 231 கிராம் கார்ப். வெந்ததும் பாத்திரத்தோடு எடை பார்த்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் சோறு 830 கிராம் வருகிறது. 231ஐ 830ஆல் வகுத்தால் 0.28. ஆக உங்கள் வீட்டுச் சோறு 100 கிராமில் 28 கிராம். குக்கரில் குறைந்த தண்ணீர் வைத்து உதிரியாக வடித்தால் இது 30ஐத் தாண்டும், குழைய விட்டால் 25க்கு வரும். அதே அரிசி, அதே கரண்டி, தண்ணீரால் மட்டும் இவ்வளவு வித்தியாசம். ரேஷன் அரிசிக்கு ஒரு முறை, கடை அரிசிக்கு ஒரு முறை செய்து பாருங்கள்.

அடுத்து கரண்டி. தட்டைத் தராசில் வைத்து ஜீரோ அழுத்தி, அம்மா வழக்கமாகப் போடுகிற மாதிரியே ஒரு கரண்டி போடச் சொல்லுங்கள். "சரியாப் போடுறேன்" என்று அன்றைக்கு மட்டும் தட்டையாக வழித்துப் போடுவார்கள், அதை விடாதீர்கள். ஐந்து கரண்டி போட்டு ஐந்தால் வகுத்தால் ஒரு கரண்டியின் உண்மையான எடை கிடைக்கும். அது 75 கிராம் என்றால் ஒரு கரண்டி 21 கிராம் கார்ப். நாலு கரண்டி 84. அந்தக் கரண்டியின் காம்பில் ஆணியால் "21" என்று கீறிவிடுங்கள். அப்பாவின் சோற்றுக்கு இனி அந்தக் கரண்டி மட்டும். யாரும் தராசு தேட வேண்டியதில்லை.

இட்லிக்கும் அதே வழி. 400 கிராம் இட்லி அரிசியில் 308, 100 கிராம் உளுந்தில் 51, மொத்தம் சுமார் 360. அந்த மாவில் 36 இட்லி வந்தால் ஒன்றுக்குப் 10 கிராம். கடை இட்லி பெரிதாக இருந்தால் ஒன்றை எடை போட்டு, வீட்டு இட்லியோடு ஒப்பிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். கோதுமை மாவு 100 கிராமில் 64, எனவே 30 கிராம் மாவில் தட்டிய சப்பாத்தி 19. மூணு சப்பாத்தி 57 கிராம், கிட்டத்தட்ட 200 கிராம் சோற்றுக்குச் சமம். மைதா 74, ரவை 68, கேழ்வரகு 67. கேழ்வரகைப் பாருங்கள், அரிசியைவிடப் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. "கூழ்தானே, சுகர் ஏறாது" என்று ஆடி மாதம் முழுக்கக் கோயில் கோயிலாகக் குடிப்பவர்கள் அக்டோபரில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத் திகைப்பார்கள். ஒரு சொம்பில் 40 கிராம் மாவு கரைந்திருந்தால் 27 கிராம் கார்ப், நொய் சேர்த்திருந்தால் அதற்கு மேல். பழைய சோற்றுக்கும் தண்ணீர் ஊற்றும் முன் இருந்த எடைதான் கணக்கு. ஊறியதால் குறைந்துவிட்டது என்று ஊசியைக் குறைக்க வேண்டாம்.

சாம்பார் ஒரு கிண்ணத்துக்கு 10, பால் 100 மில்லிக்கு 5, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்கு 5, உருளைக்கிழங்கு 100 கிராமுக்கு 15 முதல் 20, சின்ன வாழைப்பழம் 15 என்று வைத்துக்கொண்டால் போதும். 5 கிராம் முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது. துல்லியம் தேவைப்படுவது சோற்றில் மட்டும்தான், ஏனென்றால் தட்டில் முக்கால் பங்கு கார்ப் அங்கேதான் இருக்கிறது.

எடை போடும் அந்த முதல் வாரத்தில் ஊசி அளவை மாற்றாதீர்கள். 5-6-5 அப்படியே இருக்கட்டும், சாப்பாட்டை ஒரே அளவில் வையுங்கள். காலை 70, மத்தியானம் 90, ராத்திரி 70 கிராம் கார்ப் என்று நாளுக்கு நாள் மாறாமல். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை சுகர் பாருங்கள். மூணு வேளையும் பார்த்தால் ஸ்ட்ரிப் செலவு கட்டுப்படியாகாது. திங்கள், செவ்வாய், புதன் நாஷ்டா மட்டும், அடுத்த மூணு நாள் மத்தியானம், அடுத்த மூணு நாள் ராத்திரி என்று பிரித்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் வித்தியாசம் 40, 50க்குள் இருந்து, இரண்டாவது எண் 180ஐத் தாண்டாவிட்டால் அந்த வேளை சரி.

அதன் பிறகுதான் விகிதம். 500ஐ ஒரு நாள் மொத்த இன்சுலினால் வகுக்க வேண்டும்: 500 ÷ 32, சுமார் 15. அதாவது 1 யூனிட் ஆஸ்பார்ட் 15 கிராம் கார்ப்பைச் சமாளிக்கும். டைப் 2வில் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக வளைந்துகொடுக்காது என்பதால் பலருக்கு இது 10க்கோ 8க்கோ இறங்கும். சுகர் எழுதிவைக்கும் உங்கள் நோட்டுதான் அதைச் சொல்லும். ஒரே ஆளுக்குக் காலையில் 10, ராத்திரி 15 என்று வேளைக்கு வேளை மாறுவதும் சகஜம். ஏறிய சுகரை இறக்குவதற்கு வேறு எண்: 1800 ÷ 32 = 56. ஒரு யூனிட் சுமார் 55 இறக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மத்தியானத்தைப் போட்டுப் பார்ப்போம். சாப்பிடும் முன் 230. நாலு கரண்டி சோறு 84, மீன் குழம்பு புளி வெங்காயத்துக்கு 6, மொத்தம் 90. 90 ÷ 15 = 6 யூனிட். இலக்கு 120 என்றால் 110 அதிகம், 110 ÷ 55 = 2 யூனிட். மொத்தம் 8. பதினைந்து நிமிடம் முன்னால் போட வேண்டும். அதே நாளில் 78 காட்டினால் 6க்குப் பதில் 5 போட்டு, போட்டவுடன் தட்டில் கை வைக்க வேண்டும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 200 வந்தால் குறித்துக்கொள்ள மட்டும் செய்யுங்கள். திருத்தும் ஊசி ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கணக்கு எங்கே உடையும் என்றால் எண்ணெயில். பரோட்டா ஒன்றில் 55 கிராம் மைதா என்றால் 40 கிராம் கார்ப், இரண்டு சாப்பிட்டால் 80. எண் சரியாகத்தான் இருக்கும், நேரம் தப்பும். கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் 140 என்று அழகாகக் காட்டி, ஐந்தாவது மணி நேரத்தில் 260க்குப் போகும். பிரியாணியும் அப்படித்தான், பாரிமுனைப் பக்கம் தின்கிற அத்தோவும் அப்படித்தான். அத்தோவில் நூடுல்ஸ் மைதா, மேலே நொறுக்கிப் போடும் பேஜோ மாவில் பொரித்தது, எண்ணெய் தாராளம். வெந்த நூடுல்ஸ் 100 கிராமுக்கு 25, 30 என்று எண்ணி, பேஜோவுக்கு 10 சேர்த்து, நாலு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இவை வேண்டாம் என்பது என் கருத்து. 2.45க்கு எழுகிறவருக்கு அந்த ஏற்றம் வெறும் வயிற்று எண்ணாக வந்து நின்று, காரணமில்லாமல் கிளார்ஜினை ஏற்ற வைக்கும்.

ஏலத்துக்கு முன் குடிக்கும் டீக்கு வருவோம். சர்க்கரை இரண்டு டீஸ்பூன், பால் எல்லாம் சேர்த்து 13 கிராம், ஒரு பொறை சேர்த்தால் 20 சொச்சம். அடுத்த மூணு மணி நேரம் கூடை தூக்கி நடக்கிறவருக்கு அதற்குத் தனி ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. 2.45க்கு 100க்குக் கீழே இருந்தால் அந்த டீயும் பொறையும் மருந்துதான், சர்க்கரை போட்டே குடிக்கட்டும்.

லோ சுகருக்குச் சட்டைப் பையில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். 70க்குக் கீழே போனால், அல்லது மீட்டர் இல்லாத இடத்தில் வியர்வை, படபடப்பு என்றால், மூணு டீஸ்பூன், சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பிஸ்கட், சாக்லேட், பால் இவை மெதுவாக ஏறும், அவசரத்துக்கு உதவாது. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் வீட்டுச் சர்க்கரை கூட வேகமாக ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்யுங்கள். ஏலக்கூடத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து வைக்கும் இடம். உபயோகத்தில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குக் கீழே என்றால் 28 நாள் வெளியே இருக்கலாம். சென்னை மே மாதத்தில் அது நடக்காது. ஈர மணலில் உட்கார வைத்த மண் பானைக்குள் டப்பாவில் போட்டு வைக்கலாம். பைக் சீட்டுக்கு அடியில் வைக்கக் கூடாது. மீன் ஐஸ் பெட்டியில் போடவே கூடாது! வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை அதுதான். ஐஸ் மேல் பட்டு ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நம்ப முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

காய்ச்சல், வாந்தி என்றால் கிளார்ஜினை நிறுத்தாமல், ஆஸ்பார்ட்டைச் சாப்பிட்ட அளவுக்கு மட்டும் சாப்பிட்ட பின் போட்டு, நாலு மணிக்கொரு முறை சுகர் பாருங்கள். தண்ணீர் கூட நிற்கவில்லை என்றால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள்.

பேனாவுக்கும் காட்ரிட்ஜுக்கும் மாதா மாதம் கைக்காசு தாங்காவிட்டால் பழைய கலவைக்குத் திரும்ப வேண்டிய அவசியமில்லை. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் ரெகுலர், என்பிஹெச் குப்பிகளை வைத்தே இதே திட்டத்தை நடத்தலாம். ரெகுலரை அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், 500க்குப் பதில் 450, 1800க்குப் பதில் 1500 என்று வகுக்க வேண்டும், திருத்தும் ஊசிகளுக்கு இடையே ஆறு மணி நேரமாவது விட வேண்டும். ஆனால் இவருடைய மூணு மணி வேலைக்கு ராத்திரி என்பிஹெச் ஒத்துவராது என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவு இருக்கிறது. ராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954ல் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனையும் பக்கத்தில்தான். கார்ப் கணக்கு சொல்லித்தர டயட்டீஷியனைத் தேடி ஊர் தாண்ட வேண்டியதில்லை. போகும்போது கரண்டியின் எடையையும் இரண்டு வார நோட்டையும் கொண்டுபோங்கள், பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

கடைசியாக ஒரு தேதி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏலம் சுருங்கும், அப்பா ஆறு மணி வரை தூங்குவார், கூடை தூக்க மாட்டார், வீட்டில் நொறுக்குத் தீனி கூடும். அதே 16, அதே 5-6-5க்குச் சுகர் ஏறும், அளவைக் கூட்ட வேண்டி வரலாம். கூட்டினால் காலண்டரில் ஜூன் 14ஐச் சிவப்பில் வட்டமிட்டு, அந்த வாரமே பழைய அளவுக்கு இறக்குவது பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள். படகு திரும்பி, கூடுதல் அளவோடு முதல் ஏலத்துக்குப் போகிற அந்த விடியற்காலைதான் மறுபடியும் வியர்க்கும் நாள்.